நாலரை விரல்

மாட்டுங்கா ஸ்டேஷனிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்த அந்தக் கட்டடத்துக்கு நூறு வயதாவது இருக்கும். ஜூலை மழையில் அதன் மரப்படிகள் ஊறிப்போய், மிதித்தால் சத்தம் எழுப்பாமல் அமுங்கின. மாரீஸ்வரி நடுப்படியில் நின்று குடையை உதறினாள். பைக்குள் கையை விட்டு, பதினான்கு மாதம் அலைந்து வாங்கிய துப்பாக்கி லைசென்ஸ் நனையாமல் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. இரண்டு படி ஏறியதும் மறுபடி பார்த்தாள்.

முதல் மாடியில் துப்பாக்கிக் கடை. பகல் மூன்று மணிக்கே உள்ளே விளக்கு எரிந்தது. எண்ணெயும் பழைய மரமும் கலந்த வாசனை. கண்ணாடி மேசைக்குப் பின்னால் இருந்த கடைக்காரர் தௌஃபீக் லைசென்ஸைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"தாராவியா? நானும் அங்கதான் பொறந்தேன், பெஹன்ஜி. தமிழ்லயே பேசுங்க. கொலை கேஸ்ல சாட்சியா நீங்க?"

"ஆமா. செத்தது எங்க அண்ணன்."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.

கேட்டிருந்தாலும் எல்லாரிடமும் சொல்வதைத்தான் சொல்லியிருப்பாள். அண்ணன் சுடலைக்கண்ணனும் பேச்சிராஜாவும் தாராவியில் தோல் பை தைக்கும் கார்கானா ஒன்றைக் கூட்டாக நடத்தியவர்கள். குடிசைகளைக் கணக்கெடுக்கும் சர்வே வந்தது. கார்கானா யார் பெயரில் ஏறுவது என்று சண்டை மூண்டது. ஒருநாள் மத்தியானம் கார்கானாவின் மேல் மச்சில் தனியாக இருந்த அண்ணனைப் பேச்சிராஜா தோல் சீவும் கத்தியால் குத்தினான். இப்போது ஜாமீனில் இருக்கிறான். தாராவிக்குள் கால் வைக்கக்கூடாது என்பதால் செம்பூர் தாண்டி சீத்தா கேம்பில் தங்கியிருக்கிறான்.

அவள் யாரிடமும் சொல்லாதது ஒன்று உண்டு. அன்றைக்குப் பேச்சிராஜா அவளுக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டிருந்தான். "சமாதானம் பேசணும் தாயி, அண்ணாச்சி எங்கன இருக்காவ?" என்று கேட்டான். "மேல மச்சுல தனியாத்தான் இருக்கான், போய்ப் பேசுங்க" என்று அவள்தான் சொன்னாள். மறுநாள் சயான் பக்கம் போய், அந்தப் போனைப் பாலத்திலிருந்து சாக்கடை ஆற்றில் எறிந்தாள். போன் தொலைந்துவிட்டது என்று போலீஸிடம் சொன்னாள். அண்ணன் மனைவியான மதினியிடமும் அதையேதான் சொன்னாள்.

"வீட்டுல வைக்கவா, தினமும் கூட எடுத்துட்டுப் போகவா?" என்றார் தௌஃபீக்.

"தினமும்தான். பை டெலிவரிக்கு டெய்லி செம்பூர் போவேன்."

"அப்போ மொதல்ல வெயிட்டைப் பாருங்க. பெரிசு வேணும்னு வாங்குனவன் எல்லாம் மொத வாரம் இடுப்புல வெச்சிருப்பான். ரெண்டாம் வாரம் பையில. மூணாம் வாரம் பீரோவுல. பீரோவுல கெடக்கிற ரிவால்வர் திருடனுக்குத்தான் ஆகும்."

மூன்றை எடுத்து வைத்தார். முதலாவது நீளக் குழல். தூக்கியதும் மணிக்கட்டு தாழ்ந்தது. இரண்டாவது உள்ளங்கைக்குள் மறைந்தது.

"இது என்ன, கொசு அடிக்கவா?"

"அரே, கொசு அடிக்க லைசென்ஸ் எதுக்கு?"

மூன்றாவது குட்டைக் குழல், ஆறு குண்டு, துணியில் மாட்டிக்கொள்ளாத வழவழப்பு. மாரீஸ்வரி அதை இடுப்பில் செருகி உட்கார்ந்து பார்த்தாள். எழுந்தாள். ரயிலில் லேடீஸ் டப்பாவில் கைப்பிடியைப் பிடிப்பதுபோல் கையை உயர்த்தினாள். குர்த்தா மேலே ஏறி, ரிவால்வரின் பிடி வெளியே தெரிந்தது. இன்னும் நாலு விரற்கடை உள்ளே இறங்க வேண்டும். நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டாள். குறித்தது சரிதானா என்று சந்தேகம் வந்து இன்னொரு முறை அளந்தாள்.

"உறை வேணுமா?"

"உறைய நானே செஞ்சுக்கிடுவேன். எங்க தொழிலே அதான்."

தௌஃபீக் சிரித்தபடி ரிவால்வரை எடுக்கக் கை நீட்டியவர், பாதியில் நின்றார்.

கண்ணாடி மேசை மழை ஈரத்தில் பனித்திருந்தது. அவள் கை ஊன்றிய இடத்தில் அவளுடைய உள்ளங்கை பதிந்திருந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு கை. பெரிய கை. ஆட்காட்டி விரல் மட்டும் பாதியில் நின்றிருந்தது.

"யாரு வெச்சது இது?" என்று முணுமுணுத்து அவர் துணியால் துடைத்தார்.

அண்ணனின் வலது ஆட்காட்டி விரலைத் தோல் வெட்டும் மிஷின் பாதியாக்கி ஒன்பது வருஷம். 'நாலரை விரல்காரன்' என்று கார்கானாவில் எல்லாரும் கேலி செய்வார்கள்.

கடை முழுக்கக் கடுக்காய் வாசனை அடித்தது. பதமிட்ட தோலின் வாசனை.

"இதையே குடுங்க," என்றாள்.

பதிவெல்லாம் முடிந்து புதன்கிழமை ரிவால்வர் கைக்கு வந்தது. அன்றைக்கே நாலு மணிக்குக் கார்கானா மச்சில் உறை வேலையைத் தொடங்கினாள். தகரக் கூரையில் மழை கொட்டியது. கரண்ட் இல்லை. மூலையில் அண்ணனின் போட்டோ. அதன் முன்னால் மூன்று செங்கல் அடுக்கி, மஞ்சள் பூசி, திருநீறு இட்ட பீடம். குத்துப்பட்டுச் செத்தவனுக்கு இடம் போட்டு நிறுத்தாவிட்டால் அலைவான் என்று நாற்பத்தோராம் நாள் மதினி செண்பகவல்லி வைத்தது.

அன்றைக்கு அந்தப் பீடத்தில் கை வைத்து வாக்குக் கொடுத்தவள் மாரீஸ்வரி. கூடப் பிறந்தவள்தான் கொடுக்க வேண்டும். "ஒன்னக் கொன்னவன ஒனக்கே தாரேன்" என்று அவள் சொல்லி நிறுத்தியதும் மதினி விடவில்லை. "முழுசாச் சொல்லுட்டி. அதுக்குத் தொணை நின்னவங்களையும்னு சொல்லு. அரைகுறை வாக்கு அவுகளுக்கு ஆகாது." சுற்றி நின்ற சொந்தபந்தம் அத்தனையும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. மாட்டேன் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்.

முழுசாகச் சொன்னாள்.

உறைக்கு அண்ணன் எடுத்து வைத்துவிட்டுப் போன கடைசித் தோல்தான் சரியான கனம். அதை வெட்டித் தைத்துத் தொட்டியில் ஊறப்போட்டாள். குண்டில்லாத ரிவால்வரை மெல்லிய பிளாஸ்டிக்கில் சுற்றி, ஊறிய தோலுக்குள் இறக்கி, கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி வடிவம் வாங்கினாள். ஈரத் தோல் எதைத் தொடுகிறதோ அதை அப்படியே பிடித்துக்கொள்ளும். காய்ந்துவிட்டால் கல்.

"இன்னுங் கொஞ்சம் அமுக்கு. உங்க அண்ணன்னா இந்நேரம் முடிச்சிருப்பாவ," என்றாள் மதினி, தையல் மிஷினுக்குப் பின்னாலிருந்து.

"அவனுக்கு நாலரை விரல். எனக்கு அஞ்சு இருக்கதுனாலதான் லேட்டாவுது."

மதினி சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "சனிக்கிழமை பதினோரு மணிக்குப் பேச்சிராஜா போலீஸ் ஸ்டேஷன்ல ஜாமீன் கையெழுத்துப் போட வருவான், இல்லட்டி?"

"ம்."

"கை நடுங்காம இருக்கணும்."

ரிவால்வரோடு உறையை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் மாட்டிக்கொண்டாள் மாரீஸ்வரி. வெள்ளிக்கிழமை மத்தியானம் திறந்தாள்.

உறை காய்ந்து கல்லாக இருந்தது.

வெளிப்பக்கம் ஐந்து பள்ளங்கள். யாரோ உறையோடு சேர்த்து ரிவால்வரை இறுகப் பிடித்தது போல. கட்டைவிரல் ஒரு பக்கம், மற்றவை மறுபக்கம்.

ஆட்காட்டி விரலின் பள்ளம் பாதியிலேயே முடிந்திருந்தது.

மதினி உறையை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். "வந்துட்டாவ. ஒங்க அண்ணன் வந்துட்டாவட்டி."

மாரீஸ்வரி அந்தப் பள்ளங்களில் தன் விரலை வைத்துப் பார்த்தாள். வந்துவிட்டான். பேச்சிராஜாவை அவன் கையில் கொடுத்துவிட்டால் எல்லாம் நேராகிவிடும். போனில் சொன்ன அந்த ஒரு வார்த்தையும் அதோடு செத்துப்போகும். அப்படித்தான் அவள் கணக்குப் போட்டிருந்தாள். கணக்கு சரிதானா என்று இரவெல்லாம் புரண்டாள்.

சனிக்கிழமை செம்பூரில் இறங்கிப் பஸ் பிடித்தாள். போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில் ஒரு மூடிய கடையின் நிழலில் நின்றாள். இடுப்பில் உறை. உள்ளே ஆறு குண்டு. மழை விட்டு, வெயில் சுள்ளென்று அடித்தது. ஆனால் இடுப்பில் உறை பட்ட இடம் மட்டும் சில்லென்று ஈரமாகிக்கொண்டே வந்தது. கல்லாய்க் காய்ந்த தோல் மறுபடி ஊறுவதுபோல.

பதினொன்று பத்துக்குப் பேச்சிராஜா சந்துக்குள் நுழைந்தான். இளைத்திருந்தான். அவளைப் பார்த்ததும் நின்றான்.

அவள் குர்த்தாவுக்குள் கையை விட்டாள்.

கைப்பிடியில் ஏற்கெனவே ஒரு கை இருந்தது.

குளிர்ந்த, ஈரமான, பெரிய கை. அவள் விரல்கள் அதன்மேல் பட்டன. ஒன்று, இரண்டு, மூன்று. அப்புறம் ஒரு மொண்ணை.

பேச்சிராஜா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே, பின்னால், கொஞ்சம் உயரத்தில் பார்த்தான்.

"அண்ணாச்சி," என்றான்.

பின்னால் நகர்ந்தான். சுவர் தடுத்தது. இரண்டு கையாலும் தன் தொண்டையிலிருந்து எதையோ பிய்த்தெறியப் பார்த்தான். கண் பிதுங்கியது. மூச்சுக்கு நடுவே குரல் கிழிந்து வந்தது.

"நா மட்டுமில்ல அண்ணாச்சி... இவதான் சொன்னா... மச்சுல நீங்க தனியா இருக்கியன்னு... போன்ல இவதான்..."

மாரீஸ்வரியின் தோளுக்குப் பின்னால் ஏதோ அசையாமல் நின்றது. கேட்டுக்கொண்டிருந்தது.

பேச்சிராஜா சரிந்தான். அவன் கழுத்தில் ஐந்து பள்ளங்கள். ஊறிய தோலில் அழுத்தியதுபோல, உள்ளே போன சதை மேலெழவே இல்லை. ஒரு பள்ளம் பாதி.

அவள் ஓடவில்லை. ஓடினால் பின்னால் வருவது ஓடிவரும் என்று தோன்றியது. பஸ் நிறுத்தம்வரை நடந்தாள். செம்பூர் ரயில் ஸ்டேஷன் கழிவறையில் ரிவால்வரைத் திறந்து பார்த்தாள். ஆறு குண்டும் அப்படியே இருந்தன.

அங்கிருந்து நேராக மாட்டுங்கா போய், அந்த அமுங்கும் படிகளில் ஏறினாள்.

"கடைப் பொறுப்புல வெச்சுக்கிடுங்க. எனக்கு வேணாம்."

தௌஃபீக் ரசீது எழுதினார். "என்ன பெஹன்ஜி, வெயிட் ஜாஸ்தியாப் போச்சா?"

"ஆமா."

"உறை?"

அவள் இடுப்பைத் தொட்டாள். உறை அங்கே இல்லை. பையிலும் இல்லை. எங்கே விழுந்தது என்று தெரியவில்லை.

நாலரை மணிக்குக் கார்கானாவுக்குத் திரும்பினாள். சீத்தா கேம்ப் சேதி அவளுக்கு முன்னால் வந்துவிட்டிருந்தது. மாரடைப்பு என்கிறார்களாம்; கழுத்துப் பள்ளத்துக்குத்தான் யாரிடமும் காரணம் இல்லையாம். மதினி பீடத்துக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்து, சூடம் கொளுத்தியிருந்தாள். அவள் வந்து கட்டிப்பிடிப்பாள் என்று மாரீஸ்வரி நினைத்தாள்.

மதினி வெட்டுப் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"நீ காலையில போவையில தோல் எதும் ஊறப்போட்டியா?"

"இல்ல மதினி."

"நானும் போடல. மச்சப் பூட்டிச் சாவிய நாந்தான் வெச்சிருந்தேன்."

பலகையில், அண்ணன் எடுத்து வைத்த தோலின் மிச்சத்தில் ஒரு சின்ன உறை இருந்தது. தையல் இல்லை, அழுத்தியே வடிவம் வாங்கியிருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. ஆனால் எதை வைத்து வாங்கிய வடிவம் என்று பார்த்ததுமே தெரிந்தது. நீள்சதுரம். பக்கவாட்டில் இரண்டு பட்டன். பின்னால் கேமராவின் வட்டம். மேல் வலது மூலை உடைந்து, பல்போல ஒரு கீறல்.

ஓரத்தில் நாலரை விரல்.

"இந்த மூலை ஒடஞ்ச போன் ஒன்னோடதுல்லா?" என்றாள் மதினி மெதுவாக. "தொலஞ்சு போச்சுன்னியே."

"மதினி..."

"அவிய எதுக்கு இதக் காட்டுதாவ?"

மாரீஸ்வரி அந்த உறையைக் கையால் மூடப் பார்த்தாள். மதினி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு பீடத்தைப் பார்த்தாள். அன்றைக்கு அவளே எடுத்துக்கொடுத்த வாக்கின் இரண்டாவது பாதி அவள் நினைவுக்கு வருவது கண்ணில் தெரிந்தது.

"வாக்க நாந்தான் முழுசாச் சொல்ல வெச்சேன்," என்றாள். குரலில் அழுகை இல்லை. "இனி என்னால ஒண்ணும் செய்ய முடியாதுட்டி."

ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் ஏணியில் இறங்கிப் போனாள். கீழே கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பூட்டும் சத்தமும் கேட்டது.

தகரத்தில் மழை மறுபடி தொடங்கியது. கடுக்காய் வாசனை கூடிக்கொண்டே வந்தது.

தொட்டியில் தண்ணீர் சலசலத்தது.

மாரீஸ்வரி மெல்லத் திரும்பினாள். தொட்டியின் விளிம்பில் இன்னொரு தோல் துண்டு தொங்கியது. நீளமாக, பட்டையாக, ஒரு கழுத்தைச் சுற்றும் அளவில் வெட்டியது. நன்றாக ஊறியிருந்தது. அதில் இன்னும் எந்த வடிவமும் ஏறவில்லை.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் நடுவில் முதல் பள்ளம் விழுந்தது.

பாதி விரல்.