ஓடு பிரித்த வீடு

சுருளியம்மாள் சாவியோடு வந்து சேர்ந்தபோது பெரியகுளத்துப் பழைய வீட்டுக்குப் பாதிக் கூரை இல்லை. அது அவள் வாழ வந்த வீடு. புராதனக் கட்டடம் என்று அரசாங்கம் எடுத்துக்கொண்டு, கூட்டிப் பெருக்க அவளையே போட்டிருந்தது. 2007 ஐப்பசிக்குள் உளுத்த மரச் சட்டங்களை மாற்றி, பழைய மாதிரியே நாட்டு ஓடு வேய்ந்துவிட வேண்டும் என்று உத்தரவு.

"யக்கா, நடு ரூமுக்குள்ள பாத்துப் போங்க. மேல ஒண்ணுமில்ல," என்றார் கூரை மேஸ்திரி பொன்னுராஜ்.

நடு அறை என்றதும் அவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

மகள் செல்வமணி அங்கேதான் காய்ச்சலில் போனாள். ஆறு வயது. போன நேரம் அவிட்டம் என்பதால் அடைப்பு என்றார்கள். அடைப்பில் செத்தவர்களை வாசல் வழியாகத் தூக்கினால் அதே வழியில் திரும்பி வந்துவிடுவார்களாம். அதனால் ஓடுகளைப் பிரித்து, பிள்ளையைப் பாயில் சுற்றிக் கயிறு கட்டினார்கள். கூரைமேல் நின்று இழுத்தது அவள் புருஷன் முத்துக்கருப்பன்தான். இழுத்த சூட்டோடு ஓடுகளை மூடினார்கள். பெத்தவள் பேர் சொல்லி அழக் கூடாது என்றார்கள். பாவி, அதையும் கேட்டாள்.

வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். நடு அறைக்குள் வெயில் விழுந்து கிடந்தது. சுருளியம்மாள் தரையில் உட்கார்ந்து, இத்தனை வருஷமாக அடக்கி வைத்திருந்த பேரை வாய்விட்டுச் சொன்னாள்.

"செல்வமணீ..."

சுவரிலிருந்து மண் உதிர்ந்தது.

வேப்பிலை வாடை வந்தது.

மடி கனத்தது.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் மடியில் இருந்தது நெருப்பாய்ச் சுட்டது. பிள்ளைக்கு இன்னும் காய்ச்சல் விடவில்லை. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் அந்தச் சூடு மடிக்கு வந்தது. ஊரே பேய் என்று சொல்லட்டும், காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதானே! கூரை வளர வளரத்தான் அவளுக்குக் கிலி பிடித்தது.

"இன்னைக்கு மூடிருவோம்க்கா. அதிகாரிக வந்து சாவிய வாங்கி வீட்டப் பூட்டிருவாக."

"ஒரு ஓடு மட்டும் வேயாம விடு தம்பி. ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

"தண்ணி எறங்குனா சட்டமெல்லாம் போயிரும்க்கா. அரசாங்க வீடு, நான் என்ன செய்ய?"

உள்ளே விட்டு மூடினால் பிள்ளை பூட்டிய வீட்டில் இருட்டில் கிடக்கும். செல்வமணிக்கு இருட்டு ஆகாது. சுருளியம்மாள் மடியைத் தடவிக்கொண்டு குனிந்தாள்.

"வெளிய போயிரு ஆத்தா. இங்கன வேணாம். அம்மா இப்ப வேற வீட்டுல இருக்கேன். எங்கூட வந்திரு."

மடி லேசானது.

கூரைமேல் பொன்னுராஜ் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "யக்கா! சூடா என்னமோ ஒரசிட்டுப் போச்சு. கீழ பிள்ள எதுவும் இருக்கா?"

"இல்ல தம்பி. நீ மூடு."

கடைசி ஓடும் விழுந்தது. அறை இருண்டது.

அவள் ஓட்டமும் நடையுமாகத் தன் வீட்டுக்கு வந்தாள். காங்கிரீட் போட்ட ஒற்றை அறை வீடு. கதவைத் திறந்து வைத்துப் பாயை விரித்தாள். "யாருடி வர்றாக?" என்ற முத்துக்கருப்பனிடம் சிரித்துக்கொண்டே மகள் பேரைச் சொன்னாள். அவர் முகம் வெளுத்துவிட்டது.

விளக்கு வைக்கும் நேரத்தில் கூரைமேல் சத்தம் கேட்டது.

தட். தட். தட்.

சின்னக் கால்கள். அந்த மொட்டை மாடிக்குப் படியே கிடையாது.

"அம்மா... ஓடு எங்கம்மா?"

சுருளியம்மாள் தெருவுக்கு ஓடி அண்ணாந்து பார்த்தாள். "வாசல் தொறந்துதான் கெடக்கு ஆத்தா! எறங்கி வா!"

கால்கள் வாசலுக்கு மேலேயே ஓடின. நிற்கவில்லை. ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைக்குத் தேடிக்கொண்டே ஓடின. போன வழியைத் தவிர வேறு வழி அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. வாசல் என்ற ஒன்றையே அது மறந்துவிட்டிருந்தது.

மழை பிடித்தது.

"நனையுதும்மா..."

முத்துக்கருப்பன் எழுந்தார். கடப்பாரையை எடுத்துக்கொண்டு கட்டில்மேல் ஏறி, காங்கிரீட்டைக் குத்த ஆரம்பித்தார். சிமெண்டுத் தூள்தான் உதிர்ந்தது. மேலே ஓட்டம் நின்றது. அவர் குத்திய அதே இடத்துக்கு நேர் மேலே, சின்ன நகங்கள் சுரண்டத் தொடங்கின.