ஓய்வெடுக்கும் கோழி

அவளை எல்லாரும் வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். எல்லாரும் என்றால், பழைய ஊரில். அங்கே அவள் வாய் மூடியிருப்பது தூங்கும்போது மட்டும்தான். தூக்கத்திலும் உளறுவாள் என்பது அம்மாவின் புகார்.

இந்தப் புதிய ஊரில் அந்தப் பெயர் தெரிந்தவர் அப்பா ஒருவர்தான். பகல் முழுவதும் வாயே திறக்காமல் பள்ளியிலிருந்து திரும்புகிறவளை, "வாயாடி, வந்துட்டியா?" என்று கேட்பார். அவள் தலையாட்டுவாள்.

பள்ளியில் யாரும் அவளோடு சண்டை போடவில்லை. ஒரு சண்டையாவது வந்தால் நன்றாயிருக்கும் என்றுகூட அவளுக்குச் சில நாள் தோன்றியது. அந்த வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஒன்றாகப் படிப்பவர்கள். சாப்பாட்டு நேரத்தில் அவரவர் கூட்டம் அவரவருக்கு. இவள் டிபனை அவசர அவசரமாக முடித்துவிட்டு, ஏதோ முக்கியமான வேலை இருப்பவள் போல மைதானத்தைச் சுற்றி விறுவிறுவென்று நடப்பாள். எங்கேயோ போகிறவளைப் பார்த்து, ஏன் தனியாக இருக்கிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள் அல்லவா?

அம்மா பழைய ஊரின் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாற்றல் கிடைத்ததும் வந்துவிடுவாள். அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் போன் மட்டும்தான்.

அப்பா பேருந்து நிலையத்துக்கு எதிரே சுட்ட கோழிக் கடை திறந்திருந்தார். சாயங்காலமானால் நீள அடுப்பில் கரி கனன்று சிவக்கும். மேலே கம்பி வலையில் கோழிகள் வரிசையாக வேகும். வெந்ததை இடுக்கியால் எடுத்துப் பலகையில் போட்டு, மறு நொடியே கத்தியால் டக் டக்கென்று வெட்டித் தட்டில் வைப்பார். பேருந்து பிடிக்க வருகிறவர்கள் காத்திருக்க மாட்டார்கள் என்பது அவருடைய கணக்கு.

மகளுக்கும் ஒரு முழுத் தொடையை எடுத்து ஓரத்து மேசையில் வைப்பார்.

"சாப்பிடும்மா. இதோ, நானும் வந்துடறேன்."

அவள் இன்னொரு தட்டால் அதை மூடிவிட்டுக் காத்திருப்பாள். இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடலாம் என்றுதான். அதற்குள் யாராவது வந்துவிடுவார்கள். அப்பாவும் அடுப்புக்குத் திரும்பிவிடுவார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவள் தட்டைத் திறந்து தனியாகச் சாப்பிடுவாள். கோழி மெத்தென்று, கடித்த இடமெல்லாம் சாறு ஊறி இருக்கும். வரமுடியாத குறைக்கு அப்பா மகளுக்கென்று நல்ல துண்டாகப் பார்த்து வைக்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஆனால் வந்தவர்களின் முகத்தில் அந்தத் திருப்தி இல்லை. தினமும் வரும் ஒரு பஸ் டிரைவர் பாதிக் கோழியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. வாசனை ஊரையே கூட்டுது. வாயில வச்சா பஞ்சை மெல்லுற மாதிரி இருக்கு."

அப்பா மசாலாவை மாற்றினார். தணலைக் குறைத்துப் பார்த்தார். கோழி வாங்கும் இடத்தையும் மாற்றினார். எதுவும் கைகொடுக்கவில்லை. கூட்டம் தேய்ந்துகொண்டே போனது. கடையில் வயிறும் மனசும் நிறைந்த ஒரே ஜீவன், வெட்டுப் பலகைக்குக் கீழே குடியிருந்த சாம்பல் நிறப் பூனைதான். பலகையிலிருந்து சொட்டுவதை நக்கி நக்கியே அது தலையணை போல உப்பியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலம் அப்பா போனில் அம்மாவிடம் தணிந்த குரலில் பேசியது அவள் காதில் விழுந்தது. இந்த மாதத்தோடு கடையை மூடிவிட்டு வேறு ஊர் பார்க்கலாம் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

வேறு ஊர் என்றால் வேறு பள்ளி. மறுபடியும் கடைசி பெஞ்சு, மறுபடியும் மைதானத்தைச் சுற்றி நடை. இந்த ஊரை விட்டுப் போவதானால் போய் வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட தனக்கு ஓர் ஆள் இல்லையே என்று அவளுக்குத் தோன்றியது. அவள் போய்ப் பூனையின் அருகில் உட்கார்ந்துகொண்டாள்.

மேலே அப்பா ஒரு கோழியை வெட்டினார். சாறு பலகையில் ஓடி, விளிம்பில் திரண்டு, சொட்டுச் சொட்டாக விழுந்தது. பூனை நக்கியது. அடுத்த கோழி. மறுபடியும் சாறு. பூனைக்கு மூச்சு விடவே நேரமில்லை.

அவள் எழுந்துபோய்த் தன் மேசையில் மூடியிருந்த தட்டைத் திறந்தாள். கோழியின் அடியில் ஈரம் லேசாகத்தான் இருந்தது. கடித்துப் பார்த்தாள். சாறெல்லாம் உள்ளேயே இருந்தது.

"அப்பா, இதைக் கொஞ்சம் சாப்பிட்டுப் பாருங்க."

அடுப்பில் வேலை கிடக்கிறது என்றார் அப்பா. அவள் நகரவில்லை. வேறு வழியில்லாமல் ஒரு வாய் தின்றவர், மெல்லுவதை நிறுத்தி அவளைப் பார்த்தார். இந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டார். நீங்கள் வைத்ததுதான் என்றாள் அவள்.

பிறகு அவள் சொன்னபடியே அப்பா இரண்டு கோழிகளை ஒன்றாக எடுத்தார். ஒன்றை உடனே வெட்டினார். பலகை நனைந்தது. மற்றொன்றை வெட்டாமல் தட்டில் வைத்து லேசாக மூடினார். சற்றுப் பொறுத்து அதை வெட்டியபோது பலகையில் சாறு ஓடவில்லை. பூனை கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தது.

அப்பா இரண்டையும் தின்று பார்த்தார். அடுப்பிலிருந்து இறங்கியதும் வெட்டினால் சாறு ஓடிவிடுகிறது, கொஞ்சம் விட்டுவைத்தால் உள்ளேயே தங்கிவிடுகிறது என்று அவருக்குப் புரிந்துபோயிற்று.

"உனக்கு எப்படிம்மா இது தெரிஞ்சுது?"

"நீங்க வருவீங்கன்னு மூடி வச்சிட்டு உக்காந்திருப்பேன். அதனாலதான்."

"தினமுமா?"

"தினமும்தான். ரொம்ப நேரமாயிட்டா ஆறிப்போயிடும். கொஞ்ச நேரம்னா நல்லா இருக்கும்."

அப்பா கத்தியைத் துடைத்தார். துடைத்த கத்தியையே மறுபடியும் துடைத்தார்.

மறுநாள் கடையில் புதுச் சிக்கல். வெந்த கோழி மூடிய தட்டில் இருந்தது. பஸ் டிரைவர் பசியோடு வந்து உட்கார்ந்தார். அப்பாவின் கை கத்தியை நோக்கிப் போனது. பசித்தவனைக் காக்கவைப்பது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை.

வாயாடி டிரைவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுபோய் வைத்தாள். வெளி ஆளிடம் பேசி எத்தனையோ நாளாகிவிட்டது.

"கொஞ்சம் இருங்க மாமா. கோழி ஓய்வெடுத்துக்கிட்டிருக்கு."

"செத்த கோழிக்கு என்னம்மா ஓய்வு?" என்றார் டிரைவர்.

அவள் யோசித்தாள். "நீங்க வெயில்ல வண்டி ஓட்டிட்டு இப்பதான் இறங்கி வர்றீங்க. இறங்கின உடனே இன்னொரு வண்டியை எடுன்னு சொன்னா எப்படி இருக்கும்?"

டிரைவர் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"என் மேலதிகாரிகிட்ட வந்து இதைச் சொல்றியா?"

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தார். தன் பேருந்தில் அன்று ஒரு சேவல் பையிலிருந்து தப்பித்து, ஜன்னல் சீட்டைப் பிடித்துக்கொண்டு கடைசி நிறுத்தம் வரை இறங்க மறுத்த கதையைச் சொன்னார். அவள் பழைய ஊரில் ஓர் ஆடு வகுப்புக்குள் வந்து வருகைப் பதிவின்போது சரியாகக் கத்திய கதையைச் சொன்னாள். பேசப் பேசத் தன் குரல் தனக்கே புதிதாகக் கேட்டது.

கோழி வந்தது. டிரைவர் எலும்பை உறிஞ்சினார், விரலை நக்கினார், இன்னொரு பாதி கேட்டார். அதற்கும் ஓய்வு வேண்டும் என்றாள் அவள். தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும் என்றார் அவர்.

அந்த மாதம் கடை மூடவில்லை. அடுத்த மாதமும் மூடவில்லை. பூனை மட்டும் இளைத்துப்போய், அப்பாவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பள்ளியில் ஒன்றும் தலைகீழாக மாறிவிடவில்லை. கூட்டங்கள் அப்படியேதான் இருந்தன. அவள் மைதானத்தைச் சுற்றி நடந்தாள். ஒருநாள் மட்டும், செருப்பு வார் அறுந்து உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் பக்கத்தில் நின்று, தன் தலைமுடியில் குத்தியிருந்த ஊசியை எடுத்து அதைக் கோத்துக் கொடுத்தாள். அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டுத் தன் கூட்டத்தோடு போய்விட்டாள். போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான்.

சாயங்காலம் கடையில் ஐந்தாறு பேர் காத்திருந்தார்கள். அப்பா வெந்த கோழிகளை எடுத்து வரிசையாகத் தட்டில் வைத்து மூடினார். அவை ஓய்வெடுத்து முடியும் வரை அவர் கைகளுக்கு வேலை இல்லை. வெறுமனே நின்றவர், சுற்றிலும் பார்த்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு ஓரத்து மேசைக்கு வந்து, அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"இன்னிக்குப் பள்ளிக்கூடத்துல என்ன நடந்துச்சு?"

சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே அவள் காலை மணி அடித்ததிலிருந்து ஆரம்பித்தாள். அறுந்த செருப்புக்கு வரவே வெகுநேரம் பிடித்தது. அப்பா நடுவில் ஒருமுறைகூட அடுப்பின் பக்கம் திரும்பவில்லை.

அன்று கோழிகளுக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே ஓய்வு கிடைத்தது.