நுரையோடு வந்த சாட்சி

"ஐயோ...! ஓடியாங்களேன்...!"

காலை ஏழு மணி. பால்காரர் மாது போட்ட அலறலில் அரூரை ஒட்டிய அந்தப் புதுக் காலனியின் நாற்பது வீட்டுக் கதவுகளும் திறந்தன.

பரிதா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

காலனியின் நல்ல தண்ணீர்க் கிணறு. வறண்டு போனதாகச் சொல்லிப் போன வருஷமே, 1985-ல், தகர மூடி போட்டுப் பூட்டியாயிற்று. அந்த மூடிக்குப் பக்கத்தில்...

காலனி சங்கச் செயலாளர் ராஜாமணி குப்புறக் கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது!

பக்கத்தில் ரத்தம் தோய்ந்த பெரிய ஸ்பேனர்.

அது அவள் புருஷன் காஜாவின் ஸ்பேனர்! போர்வெல் மோட்டார் போட்டு, நாற்பது வீட்டுக் குழாய்க்கும் தண்ணீர் விடுகிறவன் அவன்தான்.

"என்னாச்சுங்க? யார் கத்துனது?"

கிணற்றை ஒட்டிய மாடி வீட்டிலிருந்து சங்கத் தலைவர் தர்மன் இடுப்பில் துண்டோடு ஓடிவந்தார். தலை, தோள், காது மடல் எல்லாம் சோப்பு நுரை. கண்ணில் வழிந்ததை வழித்துப் போட்டுவிட்டுப் பிணத்தைப் பார்த்தார்.

"அடப்பாவி காஜா! செஞ்சே புட்டியாடா...!"

அரை மணி நேரத்தில் ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் கோவிந்தன் இறங்கினார். சேலத்திலிருந்து மாற்றலாகி வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

"நீங்க பார்த்தீங்களா?"

"ரெண்டு கண்ணால பார்த்தேன் சார்!" தர்மன் இப்போது சட்டை போட்டிருந்தார். தலையில் மட்டும் நுரை காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. "குளிச்சிக்கிட்டு இருந்தேன். பாத்ரூம் ஜன்னல் வழியா பார்த்தா காஜா ஓடுறான். சோப்பைக்கூடக் கழுவாம ஓடியாந்தேன். காலனியே பார்த்துச்சே!"

"காஜாவுக்கும் செத்தவருக்கும் என்ன தகராறு?"

"டேங்க்கை ஒழுங்கா கழுவுறதில்லன்னு நேத்து மீட்டிங்ல ராஜாமணி இவனைத் திட்டுனாருங்க. இவன் முறைச்சிக்கிட்டுப் போனான்."

கூட்டத்தில் நின்ற காஜாவின் கையில் விலங்கு மாட்டினார்கள்.

"சார்... ஸ்பேனரு மோட்டார் ரூம்ல கெடந்துச்சு சார். அந்த ரூமுக்குப் பூட்டே கெடையாதுங்க. யார் வேணாலும் எடுத்திருக்கலாம்..."

"கோர்ட்ல சொல்லு. ஏறு ஜீப்ல!"

"பரிதா..." என்றான் காஜா. அவள் ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கொலைக் கேஸ். இந்த ஜீப் கிளம்பிவிட்டால் இனி எந்தக் காலத்தில் திரும்பி வருவானோ...

பிணத்தைப் புரட்டிப் பார்த்த கையைக் கழுவ, தெருக் குழாயடிக்குப் போனார் இன்ஸ்பெக்டர். கான்ஸ்டபிள் சோப்பை நீட்டினார். தேய்த்தார். இன்னும் தேய்த்தார்.

"என்னய்யா தண்ணி இது? சோப்பு திப்பி திப்பியா வருது! நுரையே காணோம்!"

"உப்புத் தண்ணிங்க சார்" என்றார் மாது. "ரெண்டு மணி நேரம் கொதிச்சாலும் பருப்பு வேகாது. புள்ளைங்க பல்லைப் பாருங்க, எல்லாம் பழுப்பு. நாப்பது வூட்டுக்கும் இதே தண்ணிதானுங்க."

நாற்பது வீட்டுக்கும்!

பரிதா சட்டென்று நிமிர்ந்தாள்.

"சார்! ஜீப்பை எடுக்காதீங்க!"

"என்னம்மா?"

"தர்மண்ணன் தலையில நுரை எப்படிங்க வந்துச்சு?"

கூட்டம் மொத்தமும் தர்மனின் தலையைப் பார்த்தது. அத்தனை பேரும் காலையிலிருந்து பார்த்ததுதான். அப்போது ஒருவருக்கும் உறைக்கவில்லை!

"அது... பெங்களூரு சோப்பும்மா" என்றார் தர்மன். "எந்தத் தண்ணியிலயும் நுரைக்கும்."

"கொண்டாங்க அதை" என்றார் இன்ஸ்பெக்டர்.

பெங்களூரு சோப்பு வந்தது. குழாயடியில் தேய்த்தார். அதுவும் திப்பி திப்பியாய்த்தான் வந்தது!

"மழைத் தண்ணி சார்! தொட்டியில புடிச்சு வச்சிருந்தேன்..."

"மழையா?" மாது சிரித்தே விட்டார். "தீபாவளிக்குப் பேஞ்சதோட சரி. இது சித்திரைங்க!"

இன்ஸ்பெக்டர் திரும்பிக் கிணற்றைப் பார்த்தார்.

"மூடியோட சாவி?"

"தொ... தொலைஞ்சு போச்சுங்க" என்றார் தர்மன்.

மூடியின் ஒரு மூலை நெம்பி வளைக்கப்பட்டிருந்தது. செத்துக் கிடந்த ராஜாமணியின் விரல் நகங்களில் தகரத்தின் துரு!

இன்ஸ்பெக்டர் ஒரு கல்லை எடுத்தார். அந்த இடுக்கு வழியாக உள்ளே போட்டார்.

காலனியே கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தது.

'தொபுக்...!'

வறண்ட கிணற்றுக்குள் தண்ணீர்ச் சத்தம்!

தர்மன் ஓட்டம் எடுத்தான். ஜீப்பின் பின்பக்கம் உட்கார்ந்திருந்த காஜா, விலங்கு மாட்டிய கையோடு காலை மட்டும் நீட்டினான். தர்மன் மண்ணில் முகம் பதிய விழுந்தான்.

"பூமிக்கடியில பைப்பு போட்டு உன் வூட்டுக்கு மட்டும் இழுத்துக்கிட்ட. ராஜாமணி இன்னிக்குக் காலையில வந்து மூடியை நெம்பிப் பார்த்துட்டார். அதானே?" இன்ஸ்பெக்டர் சட்டையைப் பிடித்துத் தூக்கினார். "அடிச்சுக் கொன்னுட்டு, மேல தெறிச்ச ரத்தத்தைக் கழுவத்தான் குளியல்!"

"கிணத்துல ஊத்து கொறைஞ்சு போச்சு சார்..." தர்மன் உளறினான். "நாப்பது வூட்டுக்குப் பத்தாது. அதான் ஒரு வூட்டுக்கு மட்டும்..."

விலங்கு கை மாறியது. பரிதா கூட்டத்தையும் பார்க்காமல் காஜாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஜீப்பில் ஏறும்போது தர்மன் தலையைச் சொறிந்தான்.

"சார்... சோப்பு காஞ்சு போயி அரிக்குது. ஒரு சொம்பு தண்ணி ஊத்திக்கிறேனே..."

பரிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"உள்ள போயி குளிச்சுக்கலாங்கண்ணா. ஜெயில்லயும் உப்புத் தண்ணிதானாம்... நுரை வர்ற வரைக்கும் தேய்க்க, ஆயுசு பூரா டைம் இருக்குங்களே!"