பத்தாவது நிழல்

கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த ஒட்டகப் படத்தில் அன்று மாலை பத்து நிழல்கள் இருந்தன. ஒட்டகங்கள் ஒன்பதுதான்.

சட்டத்தைத் துடைக்க வந்தவள் துணியோடு அப்படியே நின்றாள். ஆறடி அகலப் படம். சிறு விமானத்தைத் தானே ஓட்டிப் பறந்தபடி நேர்கீழே பார்த்து அவள் கணவர் எடுத்தது. வெயில் சாயும் நேரத்துப் படமாதலால் மணல்மேல் கறுப்பாக நடந்துபோவதெல்லாம் நிழல்களே. நிஜ ஒட்டகங்கள் அவற்றின் காலடியில் வெளிறிய சிறு கீறல்கள். வாங்க வருகிறவர்களிடம் இதைச் சொல்லி அசத்துவது அவருக்குப் பிடிக்கும். மேற்கு ஜன்னல் வெயில் படத்தின்மேல் பழுப்பாகப் படர்ந்திருந்தது. சூடேறிய சட்டத்திலிருந்து வார்னிஷ் வாசனை. அதற்கடியில் இன்னொன்று, பல நாள் வெயிலில் கிடந்து மொடமொடத்த துணியின் வாசனை. மந்தைக்குப் பின்னால், மெலிந்து, இரண்டே கால்களோடு அந்தப் பத்தாவது நிழல். ஜன்னல் கம்பியாக இருக்கும் என்று திரையை இழுத்து மூடினாள். அது போகவில்லை.

படங்களைத் துப்புரவு செய்வது அவள் வேலை. கணவர் சிவப்பு வட்டம் போட்டுக் கொடுப்பார். வட்டத்துக்குள் இருப்பது தூசி. கணினித் திரையில் அந்த இடத்தை மட்டும் பல மடங்கு பெருக்கி, பக்கத்து மணலை எடுத்து அதன்மேல் பூசிவிடுவாள். அவ்வளவு அருகில் எதுவும் எதுவாகவும் தெரியாது, சாம்பல் கட்டங்கள்தான். முழுப் படத்தைப் பார்த்தால் கை ஓடாது என்பதால் வேலை முடியும்வரை அவள் பார்ப்பதே இல்லை.

இந்தப் படத்தில் ஒரே ஒரு வட்டம் இருந்தது.

இதை எடுத்த பயணத்தில்தான் தங்கை ஓடிப்போனாள். முடியை உச்சியில் தூக்கிக் கட்டுவதால் வீட்டில் அவள் பெயர் சேவல். அத்தானுக்கு உதவியாகப் போனவள். மந்தையைக் கிளப்பி வரிசையாக நடக்கவைக்கக் கீழே ஓர் ஆள் வேண்டும். காலையிலேயே இறக்கிவிட்டு, மாலையில் படம் எடுத்து முடித்ததும் ஏற்றிக்கொள்வார். அவர் தனியாகத் திரும்பினார்.

"உன் தங்கச்சி எவனோ லாரிக்காரனோட போயிட்டா. போலீஸ் கீலீஸ்னு போய் நிக்காதே. உங்கம்மா தாங்க மாட்டாங்க."

சொல்லும்போது அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். அந்தக் கையின் வெதுவெதுப்பை நம்பித்தான் ஐந்து மாதமாகத் தங்கையைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தாள்.

கணவர் சட்டம் அடிக்கும் கடைக்குப் போயிருந்தார். அவள் கணினியின் முன் உட்கார்ந்தாள். பூசிய மணலை அசலின்மேல் தனி அடுக்காக, லேயராக, வைப்பது அவள் வழக்கம். அந்த அடுக்கை மறைத்தாள்.

உச்சந்தலையில் சிலுப்பிய முடியோடு ஒரு நிழல். இரண்டு கைகளும் மேலே.

சேவல் பேருந்தைக்கூட அப்படித்தான் நிறுத்துவாள். "ஒத்தைக் கைய ஆட்டினா டாட்டா காட்டுறோம்னு நினைச்சுப் போயிடுவான்க்கா."

மேசை இழுப்பறையில் அந்தப் பயணத்தின் மெமரி கார்டு இருந்தது. அதே மந்தை, ஏழு படங்கள். முதலாவது, சுவரில் இருப்பது. மாலை ஐந்து பன்னிரண்டு. மூன்றாவதில் ஒரு கைதான் மேலே இருந்தது. ஐந்தாவதில், ஒட்டகங்களின் நிழல்கள் நீண்டுகொண்டே போக, அது மட்டும் பாதியாகக் குறைந்திருந்தது. முழங்காலிட்டிருக்கிறாள். ஏழாவது, ஐந்து நாற்பது. நிழல் இல்லை. ஒரு புள்ளி.

படுத்துக் கிடப்பவர்களுக்கு நிழல் நீளாது.

இருபத்தெட்டு நிமிடம் தலைக்குமேல் சுற்றியிருக்கிறார். படத்தின் ஓரத்தில், விமானம் இறங்கும் மண்பாதை காலியாக, நேராகக் கிடந்தது. அவர் இறங்கவில்லை. வெளிச்சம் நன்றாக இருந்திருக்கிறது.

விட்டுவிட்டு வந்தது அவர். அழித்தது இவள். தூசி என்று அவர் சொல்ல, இவள் கையாலேயே.

கூடத்துக்கு வந்தாள். மூடிய திரை விலகியிருந்தது. வெயில் இன்னும் தாழ்ந்து, தரையில் நீளமாக ஓடிச் சுவரில் ஏறியது. படத்தின் முன் போய் நின்றாள். எண்ணினாள். ஒன்பது. மறுபடி எண்ணினாள். ஒன்பது. மந்தைக்குப் பின்னால் வெறும் மணல்.

பத்தாவது எங்கே?

வாசல் கதவு திறந்தது. சாவிக்கொத்தின் சத்தம்.

"என்ன, உன் கைவண்ணத்தை நீயே ரசிக்கிறியா? ஓட்டல்காரருக்கு இன்னொரு பிரதி வேணுமாம். இதைவிடப் பெரிசா."

அவள் திரும்பவில்லை.

"என்னங்க, அன்னிக்கு வெளிச்சம் நல்லா இருந்துச்சா?"

சாவிக்கொத்து தரையில் விழுந்தது. வெயிலில் மொடமொடத்த அந்தத் துணியின் வாசனை. கிட்டத்தில். அவள் தோளுக்குள்ளிருந்தே வருவதுபோல.

"கையக் கீழ போடு" என்றார். அவர் குரல் அவள் அறியாத குரலாக இருந்தது. "சொல்றேன்ல. கையக் கீழ போடுடி."

அவள் குனிந்து பார்த்தாள். கைகள் இரண்டும் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தன. இடதில் துடைக்கும் துணி. அசையவில்லை.

நிமிர்ந்தாள்.

அவள் காலடியில் தொடங்கித் தரையில் நீண்டு, சுவரேறி, ஒட்டகங்களுக்கு நடுவே நின்ற அவள் நிழல், உச்சியில் சிலுப்பிய முடியோடு, இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தது.