ஆணி இருந்த புளியங்கட்டை

தட்டினால் ஓசை ஒரு நொடி தாமதமாக வந்தது. ஜாய்சன் மறுபடியும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான். கேம்ப் ரோட்டு மரவாடியில் காலையிலிருந்து தேக்கு, பலா என்று பதினைந்து கட்டைகளைத் தட்டியாகிவிட்டது. சொந்தமாகச் செய்யும் கிட்டாரின் கழுத்துக்கு, ஆறு கம்பிகள் இழுத்தாலும் வளையாத கட்டை வேண்டும். இந்தக் கறுத்த புளியங்கட்டையில்தான் ரேகை நூல் பிடித்தாற்போல ஓடியது. தாமதமாக வந்தாலும் ஓசை கணீரென்று வந்தது.

"கறிக்கடைக்குப் போற கட்டை சார் இது," என்றார் மரவாடிக்காரர் சம்பத். "ரோடு போட வெட்டுன மரம். நடுவுல ஆணி கீது பாரு சார். பேய் புடிச்சவங்க முடியைக் கொத்தா வச்சி ஆணி அடிச்சி, பேயை மரத்துலயே கட்டிடுவாங்க. அதை மட்டும் புடுங்காத."

"நாங்க சர்ச்சுக்குப் போறவங்கண்ணா. எங்ககிட்ட அதெல்லாம் வராது."

ஆணியோடு இழைத்தால் பிளேடின் வாய் போய்விடும். பிசாசை விட அவனுக்குப் பிளேடு பெரிது.

சேலையூர் வீட்டு போர்டிகோவில், ஞாயிறு மத்தியானம், ஜீவிதா கட்டையை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி ஒன்பது மாதம். அவன் எதைச் செய்தாலும் கூடவே வந்து உட்கார்ந்துவிடுவாள், அது அவனுக்கு அத்தனை பிடிக்கும். அவன் குறட்டால் ஆணியை இழுக்க இழுக்க, எதிர்வீட்டு மிக்ஸி சத்தமும் மரத்துக் காக்கைகளின் கத்தலும் ஒவ்வொன்றாக ஓய்ந்து, துருவும் பழம்புளியும் எண்ணெய்த் தலையும் கலந்த வாடை எழும்பி, கடைசியில் ஆணியோடு ஒரு கொத்து முடியும் வந்தது. முடியின் வேரில் ரத்தம் ஈரமாக இருந்தது.

"ஏங்க, இது யாரோட..."

ஜீவிதாவின் கழுத்து பின்னால் மடங்கியது. தலையைத் தரையில் மோதினாள். மறுபடி. மறுபடி. டைல்ஸ் விரிசல் விட்டது. தடுக்கப் போனவனின் சுண்டுவிரலைக் கடித்துத் துண்டாக்கித் துப்பினாள். வாய் நிறைய ரத்தம். யாரோ ஒரு கிழவனின் குரலில் வசவு. பக்கத்தில் கிடந்த உளி அவள் கைக்குப் போனது. அவன் தோளில் இறங்கியது.

இப்படியே விட்டால் ஜீவி செத்துவிடுவாள். சம்பத் சொன்னதுதான் வழி.

அவள் மேல் ஏறி உட்கார்ந்தான். கூந்தலில் ஒரு கொத்தை வேரோடு பிடுங்கினான். கட்டையில் வைத்து அதே ஓட்டையில் ஆணியை அடித்தான். சுத்தியல் விழ விழ அவள் துள்ளல் அடங்கியது. மூச்சு சீரானது.

"கர்த்தரே!" என்று அழுதான். அவளை மடியில் போட்டு, நெற்றி ரத்தத்தைத் துடைத்தான். பிழைத்துவிட்டாள், அது போதும்.

அப்போது கட்டைக்குள்ளிருந்து ஜீவிதா கூப்பிட்டாள்.

"ஏங்க... இங்க மூச்சு முட்டுதுங்க. எடுத்துவிடுங்க."

மடியில் கிடந்தது கண்ணைத் திறந்தது. அவனைப் பார்த்துச் சிரித்தது. எட்டிச் சுத்தியலை எடுத்து, ஆணியின் தலையில் ஓங்கி இன்னொரு அடி வைத்தது.

உள்ளே ஜீவிதா அலறினாள்.