சுடாத தண்ணீர் சுட்டது

அன்று மாலை அம்மா வீட்டுக்கு வந்ததும், தோளில் இருந்த பையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சரிந்தார். கண்ணைத் திறந்து வைத்திருப்பதே பெரிய வேலை என்பதுபோல இருந்தது அவர் முகம்.

"இன்னைக்கும் கதவு திறக்கலையாம்மா?" என்று அக்கா கேட்டாள்.

"திறக்கலடி. வாரம் பூரா மல்லுக்கட்டியாச்சு. அசைவேனாங்குது."

இதைக் கேட்டால் அம்மாவுக்குப் பூட்டு ரிப்பேர் வேலை என்று நினைப்பீர்கள். இல்லை. அவர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறார். அவர் சொல்லும் கதவு நம் நரம்பில் இருக்கிறது. கண்ணுக்கே தெரியாத பொடிசு அது. நான்கு புரதத் துண்டுகள் வட்டமாக ஒட்டி நிற்கும். நடுவில் ஒரு துளை இருக்கும். அதிகச் சூடோ மிளகாயின் காரமோ பட்டால் துளை திறக்கும். மின்னூட்டம் உள்ள குட்டிக் குட்டித் துகள்கள் உள்ளே பாயும். நரம்பு மூளைக்குச் சேதி அனுப்பும். நாம் "ஐயோ, சுடுதே!" என்று துள்ளுவோம்.

"எங்கே நம்ம நாடகம்?" என்றார் அம்மா.

நாடகம் என்பது தம்பி. பல் தேய்க்கச் சொன்னால் அவனுக்கு வயிறு வலிக்கும். வீட்டுப்பாடம் என்றால் கை வலிக்கும். ஐஸ்கிரீம் என்று சொல்லிவிட்டால் எல்லா வலியும் போன இடம் தெரியாது.

அன்று அவன் பள்ளியில் நீச்சல் போட்டி. பகல் முழுக்கச் சட்டையில்லாமல் வெயிலில் நின்றுவிட்டு, தலையெல்லாம் நீச்சல்குளத்து மருந்து வாடையோடு வந்திருந்தான். குளிப்பாட்டாமல் படுக்க விட முடியாது. அம்மா பெருமூச்சோடு எழுந்தார். வாளியில் வெந்நீர் விளாவி, முழங்கையை விட்டுப் பார்த்தார். இதமான சூடுதான். ஒரு குவளை மொண்டு தம்பியின் முதுகில் ஊற்றினார்.

"ஆ! கொதிக்குது!" என்று தம்பி குதித்தான்.

"வெதுவெதுன்னு இருக்கு, இதுவா கொதிக்குது?"

"நெஜமாம்மா! முதுகு எரியுது!"

அம்மா அவன் முதுகைப் பார்த்தார். கொப்புளம் இல்லை. மாநிறத் தோலில் சிவப்பும் தெரியவில்லை.

"காலையில வயிறு, இப்போ முதுகா? போதும்டா. இன்னைக்கு உன் நாடகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்ல."

தம்பி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். சத்தமே இல்லை. அதுதான் அக்காவுக்கு இடித்தது. பொய்யாக அழும்போது அவன் ஊரையே கூட்டுவான். யார் பார்க்கிறார்கள் என்று ஓரக்கண்ணால் நோட்டம் விடுவான். இன்று முகத்தையே காட்டவில்லை.

"நீ போய் உக்காரும்மா. நான் குளிப்பாட்டுறேன்" என்றாள் அக்கா.

அம்மா போனதும் தம்பியின் கண்ணைத் துண்டால் கட்டினாள். வாளித் தண்ணீரை அவன் காலில் ஊற்றினாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு."

அதே தண்ணீரில் ஒரு கை அள்ளி முதுகில் விட்டாள்.

"ஸ்ஸ்! சுடுது!"

"சரி, இப்போ அதே தண்ணியை முதுகுல நிறைய ஊத்தப் போறேன். பல்லைக் கடிச்சுக்கோ."

தம்பி தோளைக் குறுக்கிக்கொண்டான். ஆனால் அக்கா ஊற்றியது குழாயில் பிடித்த பச்சைத் தண்ணீர்.

குறுகிய தோள் மெல்லத் தளர்ந்தது. "அக்கா, இது சுடவே இல்ல. இன்னும் கொஞ்சம் ஊத்து."

நடிப்பாக இருந்தால் இந்நேரம் கூரை பறந்திருக்கும்!

"என்னடி பண்ற?" அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"நீ லேப்ல பண்றதுதாம்மா. காரம் விட்ட தட்டுக்குப் பக்கத்துல, காரமே விடாத தட்டு ஒண்ணும் வெப்பியே. அது மாதிரி பச்சைத் தண்ணியும் ஊத்திப் பார்த்தேன். இவன் பொய் சொல்லலம்மா."

அம்மா தம்பியின் முதுகில் உள்ளங்கையை வைத்தார். தோல் அனலாக இருந்தது. அவர் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வெயில்ல தோல் வெந்திருக்கு. வெந்த இடத்துல உடம்பு சில ரசாயனங்களைச் சுரக்கும். அது கதவோட தாழ்ப்பாளைத் தளர்த்திடும். அப்புறம் இளஞ்சூடு பட்டாலே திறந்துக்கும்" என்றார். பிறகு தம்பியின் ஈரத்தலையைக் கோதினார். "நாள் பூரா இதைத்தான் பார்க்கிறேன். என் பிள்ளை முதுகுல திறந்து கிடக்கிறது தெரியல. மன்னிச்சுக்கடா கண்ணா."

"நான் நெஜமாத்தான் சொன்னேன்" என்றான் தம்பி, துண்டுக்குள்ளிருந்து.

"ஆமாடா. நெஜமாத்தான் சொன்ன."

குளித்து முடித்ததும் தம்பி குப்புறப் படுத்தான். அம்மா ஈரத்துணியை நனைத்து நனைத்து அவன் முதுகில் போட்டார். கொஞ்ச நேரத்தில், துணி கையில் இருக்கும்போதே, உட்கார்ந்தபடி தூங்கிப்போனார். அக்கா துணியை மெதுவாக உருவிக்கொண்டாள்.

"அக்கா, நீ மட்டும் எப்படி என்னை நம்பின?" தம்பி கிசுகிசுத்தான்.

அக்காவுக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. "நானும் முழுசா நம்பலடா. அதான் ஊத்திப் பார்த்தேன்."

தம்பி தலையணையில் முகத்தை வைத்து யோசித்தான்.

"பரவால்ல. அடுத்த தடவையும் நம்பாட்டிப் போ. ஆனா, இதே மாதிரி ஒரு தடவை ஊத்திப் பார்த்துடு" என்றான்.