அறுபது மைலில் ஆடிய கார்

பெட்டி இருந்தது. உள்ளே ஆரம் இல்லை.

நிதா அந்தச் சிவப்பு வெல்வெட் பெட்டியைக் கவிழ்த்து உதறிப் பார்த்தாள். இடது கையில் ஈர மருதாணி.

"வாப்பா!"

அந்தக் குரல் கேட்டு, பிளசன்டனிலிருந்த அந்தப் பெரிய வீட்டில் இருந்தவர்கள் அத்தனை பேரும் மாடிக்கு ஓடி வந்தார்கள்.

2005 ஜூன், வெள்ளிக்கிழமை மாலை. ஞாயிற்றுக்கிழமை நிதாவுக்கு நிக்காஹ். காணாமல் போனது மாப்பிள்ளை வீட்டு நகை. காயல்பட்டினத்திலிருந்து வந்த பழைய தங்க ஆரம். கையில் எடுத்தால் நல்ல கனம். மாப்பிள்ளையின் பெரியம்மா மகன் யாசின் அன்று மதியம்தான் அதைக் கொண்டுவந்து நிதாவின் தந்தை பசீர் அகமதுவிடம் ஒப்படைத்திருந்தான். நிதா அதைத் தன் அறை அலமாரியில் வைத்திருந்தாள்.

பசீர் அகமது தயங்கவில்லை. போலீஸுக்குப் போன் செய்தார். வந்தவர் டிடெக்டிவ் மொரேனோ. வாசலில் நின்றிருந்த எல்லோரையும் உள்ளே உட்கார வைத்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தார்.

"அறையில் கடைசியாக இருந்தது யார்?"

"நான்தான்," என்றாள் ஷ்யாமளா. நிதாவின் தோழி. மருதாணி போட வந்தவள். "நிதா அஸர் தொழக் கீழே போனாள். நான் மட்டும் இருந்தேன்."

"பிறகு?"

"மருதாணிக்கு எலுமிச்சைச் சாறு எடுக்கக் கிச்சனுக்குப் போனேன். உடனே திரும்பிவிட்டேன்."

"அந்த நேரத்தில் வேறு யாராவது மாடிக்குப் போனார்களா?"

"நான் பார்க்கவில்லை."

வேறு இரண்டு பேர் வீட்டுக்குள் வந்து போயிருந்தார்கள். ஒருவன் யாசின். இன்னொருவன் பசீர் அகமதுவின் தங்கை மகன் அல்தாப். இருவரும் ஷ்யாமளாவின் கார் நின்ற டிரைவ்வேயை ஒட்டிய வேலியில் சீரியல் விளக்குகளைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள். இருவர் கையிலும் ஸ்க்ரூடிரைவர், பட்டையான வெள்ளி நிற டேப். தண்ணீர் குடிக்க உள்ளே வந்ததாக அல்தாப் சொன்னான். எக்ஸ்டென்ஷன் ஒயர் எடுக்க வந்ததாக யாசின் சொன்னான்.

எல்லோரும் சம்மதித்ததால் பைகள் சோதிக்கப்பட்டன. கார்களின் இருக்கைகள், டிக்கி, ஸ்டெப்னி இருந்த பள்ளம் எல்லாம் பார்த்தாயிற்று. ஆரம் இல்லை.

"உங்களுக்கு யார் மேல் சந்தேகம்?" என்று மொரேனோ கேட்டார். பசீர் அகமது தரையைப் பார்த்தார். பிறகு ஷ்யாமளாவின் பெயரைச் சொன்னார்.

ஷ்யாமளாவின் முகம் வெளிறியது. அவளுடைய கிரீன் கார்டு விண்ணப்பம் கடைசிக் கட்டத்தில் இருந்தது. ஒரு திருட்டு வழக்கு போதும், எல்லாம் போய்விடும்.

இவை அனைத்தையும் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்தாள் சாலிஹா. ஷ்யாமளாவோடு வந்திருந்தவள், அவளுடைய பக்கத்து அபார்ட்மெண்ட்காரி. லிவர்மோரில் பம்புகள் தயாரிக்கும் நிறுவனத்தில் இன்ஜினியர். சுழலும் இயந்திரம் ஒன்று அதிர்ந்தால், அதிர்வு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை.

*

இருட்டுவதற்கு முன்பே ஷ்யாமளாவும் சாலிஹாவும் கிளம்பினார்கள். ஷ்யாமளாவின் பழைய டொயோட்டா. ஊர்த் தெருக்களில் ஒழுங்காகத்தான் போனது. 580 ஃப்ரீவேயில் ஏறி வேகம் அறுபதைத் தொட்டதும், கார் கிடுகிடுவென்று ஆடத் தொடங்கியது.

"என்னடி இது? ஸ்டியரிங் சும்மாதான் இருக்கு. சீட்டு மட்டும் மசாஜ் சேர் மாதிரி ஆடுது!" ஷ்யாமளா அழுதேவிட்டாள். "இன்னிக்குக் காலைலதானே நாலு டயரும் மாத்தினோம்?"

சாலிஹா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஆம், அன்று காலைதான். கடைக்கு அவளும் கூடப் போயிருந்தாள். ஷ்யாமளாவின் கண் பட்டையான, பார்க்க அழகான ஒரு ஸ்போர்ட்ஸ் டயர் மேல் இருந்தது. "அது நல்லா பிடிக்கும், ஆனா ரோட்ல இருக்கிற ஒவ்வொரு கல்லையும் உனக்குச் சொல்லும். தினமும் மலை ஏறி இறங்குறவளுக்கு மெத்துனு ஓடற டூரிங் டயர்தான் சரி" என்று சாலிஹா தடுத்தாள். கதவு ஓரத்து ஸ்டிக்கரில் இருந்த அளவோடு சரிபார்த்தாள். டயர் எந்த ஆண்டு செய்யப்பட்டது என்று பக்கவாட்டில் படித்தாள். பேலன்ஸிங் மெஷின் அருகிலேயே நின்று, ஒவ்வொரு சக்கரமும் பூஜ்யம் காட்டும்வரை விடவில்லை. அப்புறம் பிளசன்டன் வந்தபோது, கார் வெண்ணெய் மேல் போவதுபோல் போனது.

அப்படியானால் இந்த ஆட்டம் கடையில் வந்ததல்ல.

"வேகத்தைக் குறை," என்றாள். "வலது லேன்லயே போ. வீட்டுக்குப் போனதும் வண்டியைத் தொடாதே. வெளிச்சத்துல பார்க்கணும்."

*

சனிக்கிழமை காலை. சாலிஹா காபியோடு ஷ்யாமளாவின் வீட்டுக்குள் நுழைந்தபோது, அவள் நிதாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"என் நேரத்தைப் பாரு நிதா. புது டயர் போட்டும் கார் ஆடுது. ஆமா, அவ்வளவுதான். சரி, வைக்கறேன்." போனை மூடிவிட்டுச் சொன்னாள். "பிரேக்ஃபாஸ்ட் டேபிள்ல எல்லாரும் இருக்காங்களாம். அல்தாப் அலைன்மெண்ட்டா இருக்கும்ங்கறானாம்."

சற்று நேரத்தில் போன் மறுபடி அடித்தது. இந்த முறை யாசின். ஷ்யாமளா ஸ்பீக்கரில் போட்டாள்.

"கார் ஆடுதாமே, ஷ்யாமளா? கவலைப்படாதீங்க. பின் வீல்ல பேலன்ஸிங் வெயிட் விழுந்திருக்கும். எனக்குத் தெரிஞ்ச கடை உங்க பக்கத்துலதான் இருக்கு. நான் வந்து எடுத்துட்டுப் போய் சரி பண்ணிக் கொடுக்கறேன். நேத்து உங்களுக்கு நடந்தது ரொம்பத் தப்பு. இதாவது செய்யறேன்."

"ரொம்ப தேங்க்ஸ் யாசின் பாய்!"

போன் மூடியது. சாலிஹா காபியை வைத்துவிட்டுப் படியில் தடதடவென்று இறங்கினாள். ஷ்யாமளா பின்னாலேயே ஓடினாள்.

வலப்பக்கப் பின் சக்கரம். பிளாஸ்டிக் வீல் கவரில், காற்றடிக்கும் வால்வுக்கு நேராக ஒரு ஓட்டை இருக்க வேண்டும். மற்ற மூன்று சக்கரங்களிலும் இருந்தது. இதில் ஓட்டை ஓரிடம், வால்வு வேறிடம். கடைக்காரர் மாட்டிய கவரை யாரோ கழற்றி அவசரமாகத் திரும்ப அடித்திருக்கிறார்கள்.

சாலிஹா கவரின் ஓரத்தை நெம்பினாள். உள்ளே, வெள்ளி டேப்பால் ஒட்டிய துணிப் பொட்டலம். கிழிந்த இடத்தில் தங்கம் மின்னியது.

"ஐயோ!" ஷ்யாமளா இரண்டடி பின்வாங்கினாள். "என் கார்லயா? சாலி, நான் செத்தேன். போலீஸ் பாத்தா நான்தான் வெச்சேன்னு சொல்லுவாங்க. தூக்கி எங்கயாவது போட்டுடலாம்டி!"

"போட்டா நீதான் திருடினதா ஆயிடும். தொடாதே. நான் இப்பவே மொரேனோவைக் கூப்பிடறேன்."

"பயமா இருக்குடி."

"எனக்கும்தான். ஆனா யார்னு தெரிஞ்சுபோச்சு."

கவரை முன்பு இருந்தபடியே கோணலாகப் பொருத்தினாள்.

மொரேனோ சாதாரணக் காரில் வந்தார். பொட்டலத்தைப் படம் எடுத்தார். ஷ்யாமளாவை நீண்ட நேரம் பார்த்தார்.

"உங்கள் தோழியின் காரில் நகை இருக்கிறது. நான் ஏன் அவளைக் கைது செய்யக் கூடாது?"

"திருடியவள் கார் ஆடுகிறது என்று ஊருக்கெல்லாம் சொல்வாளா?" என்றாள் சாலிஹா. "கொஞ்சம் பொறுங்கள். இந்தக் காரை எடுக்க ஒருவர் வருகிறார். எடுக்க விடுங்கள். அவர் டயர் கடைக்குப் போனால், என் பேச்சை நம்ப வேண்டாம்."

மொரேனோ யோசித்தார். பிறகு நகையை வைத்த இடத்திலேயே விட்டு, கவரைத் தானே மாட்டினார்.

யாசின் வந்தான். சிரித்தபடி சாவியை வாங்கிக்கொண்டான். டொயோட்டா கிளம்பியது. இரண்டு கார் இடைவெளியில் மொரேனோவும் சாலிஹாவும். பின் சீட்டில் ஷ்யாமளா, முன் சீட்டின் தலைப்பகுதியை இறுகப் பிடித்தபடி.

அந்தப் பக்கத்தில் இருந்த ஒரே டயர் கடைக்குப் போக அடுத்த சிக்னலில் இடப்பக்கம் திரும்ப வேண்டும்.

சிக்னல் பச்சையானது.

டொயோட்டா வலப்பக்கம் திரும்பியது.

"சாலி!" என்று ஷ்யாமளா கத்தினாள்.

வார விடுமுறைக்குப் பூட்டிய அலுவலகக் கட்டடம் ஒன்று. பின்புறம் காலியான பார்க்கிங். யாசின் இறங்கினான். மற்ற மூன்று சக்கரங்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராக வலப்பக்கப் பின் சக்கரத்தின் முன் குத்துக்காலிட்டு, ஸ்க்ரூடிரைவரை நுழைத்தான். பொட்டலம் கையில் வந்த நொடியில் மொரேனோவின் நிழல் அவன் மேல் விழுந்தது.

*

அன்று மதியம், பசீர் அகமதுவின் ஹாலில் எல்லோரும் கூடியிருந்தார்கள்.

"எப்படி யாசின்னு கண்டுபிடிச்சீங்க?" அல்தாப்பால் நம்பவே முடியவில்லை. "நானும்தான் வேலிகிட்ட இருந்தேன். என் கையிலயும்தான் டேப் இருந்தது."

"ஆமா, அதனால நேத்து ராத்திரி உங்க ரெண்டு பேரையும்தான் சந்தேகப்பட்டேன்," என்றாள் சாலிஹா. "போலீஸ் வந்தா கார் எல்லாம் பாப்பாங்கன்னு யாருக்கும் தெரியும். ஆனா வீல் கவருக்குள்ள யாரும் பாக்க மாட்டாங்க. உங்க கார், யாசின் கார் ரெண்டுலயும் அலாய் வீல், கவரே கிடையாது. வேலியை ஒட்டி நின்ன இவ கார்லதான் கவர் இருந்தது."

"சரி, அப்புறம்?"

"முன் சக்கரத்துல கனம் ஏறினா ஸ்டியரிங் நடுங்கும். பின் சக்கரத்துல ஏறினா சீட்டு ஆடும். ஷ்யாமளா நிதாகிட்ட சொன்னது 'கார் ஆடுது', அவ்வளவுதான். சீட்டுன்னு சொல்லல, ஸ்டியரிங்னு சொல்லல. நான் பக்கத்துலதான் இருந்தேன். நீங்க அலைன்மெண்ட்னீங்க, அது எல்லாரும் சொல்ற பதில். ஆனா அந்தக் காரை ஓட்டாத யாசின் 'பின் வீல்'னு சொன்னார். அவருக்கு எப்படித் தெரியும்?"



"ஏன் செஞ்சான்?" நிதா கேட்டாள்.

மொரேனோவிடம் யாசின் சொன்னதைச் சாலிஹா சொன்னாள். அந்த ஆரம் மூத்த மகளான அவன் உம்மாவுக்கு வந்திருக்க வேண்டியது. மாப்பிள்ளையின் உம்மாவான சித்தி அதைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள். இப்போது அது வேறு வீட்டுப் பெண்ணின் கழுத்துக்குப் போவதையும், அதைத் தன் கையாலேயே கொண்டுவந்து கொடுக்க வேண்டியிருந்ததையும் அவனால் தாங்க முடியவில்லை.

மொரேனோ தன் குறிப்பேட்டை மூடிவிட்டுச் சாலிஹாவிடம் கேட்டார். "அவன் அந்தப் போனைச் செய்யாமல் இருந்திருந்தால்?"

"நகை அப்போதும் கிடைத்திருக்கும்," என்றாள் சாலிஹா. "ஆனால் நான் இவளைக் காப்பாற்றியிருக்க முடியாது."

பசீர் அகமது எழுந்து வந்தார். ஷ்யாமளாவின் முன் நின்றார்.

"மன்னிச்சிக்கம்மா. என் பொண்ணு கூட்டாளி நீ. உன் பேரைச் சொல்லிட்டேன்."

ஷ்யாமளா எழுந்து நின்றாள்.

"எங்கிட்ட சொல்றது இருக்கட்டும் அங்கிள். நேத்து யார்கிட்ட சொன்னீங்களோ, அவர்கிட்டயே சொல்லுங்க. எல்லார் முன்னாலயும்."

பசீர் அகமது மொரேனோவின் பக்கம் திரும்பினார். நிமிர்ந்து நின்று, ஹாலில் இருந்த ஒவ்வொருவருக்கும் கேட்கும்படி, ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: இந்தப் பெண்ணின் மேல் பழி போட்டது நான். அது என் தவறு.

மொரேனோ தலையசைத்தார். அப்போதுதான் ஷ்யாமளா உட்கார்ந்தாள்.